நெருக்கினாலும் தாங்கும் படலம்: வாசகர் கேள்வி, பேராசிரியர் பதில்

சென்ற இதழில் சோப்புக் குமிழி பற்றிய கேள்விக்குப் பதில் எழுதும்போது, "நம் நுரையீரலுக்குள்ளும் இப்படி ஒரு படலம் இருக்கிறது" என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் கடிதங்கள் குவிந்தன. ஆகவே இந்த மாதம் முழுக்க அதுவே. எனக்கும் வசதிதான். கல்லூரியில் வேதியியல் நடத்தப் போவதற்கு முன்னால் சென்னையில் ஓர் ஆய்வகத்தில் இருந்தேன். தண்ணீர்மேல் கொழுப்புப் படலங்களைப் பரப்பி நெருக்கிப் பார்ப்பதுதான் அங்கே என் வேலை. மருத்துவக் கேள்விகளில் மட்டும் ஓரளவோடு நிறுத்திக்கொள்கிறேன். மிச்சத்தை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

என் பேரன் 30 வாரத்திலேயே பிறந்துவிட்டான். பிறந்த அன்றே மூச்சுக்குழாயில் டியூப் போட்டு, பால் மாதிரி வெள்ளையாக ஒரு மருந்தை விட்டார்கள். "நுரையீரல் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க" என்றார் டாக்டர். நுரையீரலுக்குள் திரவத்தை விட்டால் மூச்சு முட்டாதா? இப்போது நன்றாக இருக்கிறான். - கரூர் வாசகி

நன்றாக இருக்கிறான் என்பதைக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள் அம்மா. கடிதத்தை முதலில் அங்கேதான் படித்தேன், நிம்மதியாக இருந்தது.

மூச்சு முட்டாது. கருவில் இருக்கும்வரை குழந்தையின் நுரையீரல் திரவத்தால் நிறைந்துதான் இருக்கும். விடும் மருந்தோ கொஞ்சம்: ஒன்றரைக் கிலோ குழந்தைக்கு, மருந்தைப் பொறுத்து ஏறக்குறைய 4 முதல் 6 மில்லி. அதன் பெயர் சர்ஃபாக்டண்ட். வெள்ளையாகத் தெரிவது, உப்புநீரில் கலந்திருக்கும் கொழுப்புத் துகள்கள்.

எதற்கு அது என்றால், நுரையீரலில் கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகள் இருக்கின்றன. வளர்ந்த மனிதருக்குச் சுமார் 48 கோடி என்று எண்ணியிருக்கிறார்கள். ஒவ்வொன்றின் குறுக்களவு 0.2 மில்லிமீட்டர். உள்சுவர் ஈரமாக இருக்கும். ஈரம் இருந்தால் பரப்பு இழுவிசையும் இருக்கும். தண்ணீரின் மேற்பரப்பு எப்போதும் தன்னைச் சுருக்கிக்கொள்ளவே பார்க்கும். உடல் சூட்டில் தண்ணீரின் இழுவிசை மீட்டருக்கு 70 மில்லிநியூட்டன். (இனிமேல் எண்ணை மட்டும் எழுதுகிறேன், அலகு இதுவே.) லாப்லாஸ் வாய்பாட்டின்படி இழுவிசையை இரண்டால் பெருக்கி ஆரத்தால் வகுத்தால், அவ்வளவு சின்ன அறையை வெறும் தண்ணீர் இழுத்து மூடும் அழுத்தம் வருகிறது: 14 சென்டிமீட்டர் உயர நீர்த்தம்பத்தின் அழுத்தம். மூச்சு விட்டு முடித்த நிலையில் நம் நுரையீரலை விரித்துப் பிடித்திருப்பது 5 சென்டிமீட்டர் அளவுதான். போட்டியில் தண்ணீர்தான் ஜெயிக்கும், அறை மூடிக்கொள்ளும். மூடிய அறையை அடுத்த மூச்சில் திறக்க அந்தச் சின்ன மார்பு படாத பாடு படும். விலா எலும்பு உள்வாங்க, முனகிக்கொண்டே மூச்சு விடும் குறைமாதக் குழந்தையைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

நுண்ணறைச் சுவரில் இரண்டாம் வகைச் செல்கள் என்று உண்டு. அவை சர்ஃபாக்டண்டைச் சுரந்து இந்த ஈரத்தின்மேல் பரப்பிவிடும். கருவின் ஆறாம் மாத வாக்கில் தயாரிப்பு தொடங்கினாலும், போதுமான அளவு சேர 34, 35 வாரம் ஆகும். உங்கள் பேரன் சரக்கு வந்து சேருமுன் வந்துவிட்டான். வெளியிலிருந்து கொடுத்தார்கள். சில நாட்களில் அவன் செல்களே வேலையை எடுத்துக்கொண்டிருக்கும்.

இழுவிசையைக் குறைப்பதுதான் வேலை என்றால் சோப்பும் அதைத்தானே செய்கிறது? எங்கள் பாடப்புத்தகத்தில் சின்னக் குமிழி பெரிய குமிழிக்குள் காற்றைக் கொட்டிவிடும் என்று இருக்கிறது. அப்படியானால் சின்ன நுண்ணறைகள் ஏன் காலியாவதில்லை? - பன்னிரண்டாம் வகுப்பு மாணவர், தென்காசி

சபாஷ் தம்பி. இந்த இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான். இந்த மாதத்தில் நான் சொல்ல நினைத்ததும் அதுவே. இழுவிசையைக் குறைப்பது பெரிய வித்தையில்லை. நெருக்கும்போது மேலும் குறைந்து, குறைந்த இடத்திலேயே நிற்பதுதான் வித்தை.

சோப்புக் கரைசலை எடுத்துக்கொள். இழுவிசை 70-லிருந்து 30 பக்கம் இறங்கிவிடும். இப்போது அந்தப் பரப்பை நெருக்கினால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. சோப்பு மூலக்கூறு தண்ணீரில் கரையக்கூடியது. மேலே இடம் குறைந்தால் முங்கி உள்ளே போய்விடும், இழுவிசை அதே 30-ல் நிற்கும். ஆக, சோப்பு பூசிய இரண்டு நுண்ணறைகளில் சின்னதற்கும் பெரியதற்கும் இழுவிசை ஒன்றே. ஆரம் மட்டும் வேறு. சின்னதில் அழுத்தம் கூடும், காற்று பெரியதற்குள் போகும். உன் பாடப்புத்தகம் சொல்வது நடந்துவிடும். (படத்தில் போட்டிருப்பது போல நுண்ணறைகள் தனித்தனிக் குமிழிகள் இல்லை, பக்கத்து அறையோடு சுவரைப் பகிர்ந்துகொள்கின்றன, அதுவும் ஓரளவு தாங்கிப் பிடிக்கும். பரீட்சையில் இதை எழுதி மார்க் போய்விட்டால் என்னைக் கேட்காதே.)

சர்ஃபாக்டண்டில் பத்தில் ஒன்பது பங்கு கொழுப்பு, ஒரு பங்கு புரதம். கொழுப்பில் தலைமை உறுப்பினர் டைபால்மிட்டாயில் பாஸ்பாட்டிடைல்கோலின். மொத்தத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் இதுதான். டிபிபிசி என்று சுருக்கமாகச் சொல்வோம். தண்ணீரை விரும்பும் ஒரு தலை, தண்ணீரை வெறுக்கும் இரண்டு வால்கள், ஒவ்வொரு வாலிலும் 16 கார்பன். தண்ணீரில் கரையவே கரையாது என்று சொல்லலாம். நெருக்கினால் முங்கி ஓட அதற்கு வழியில்லை.

ஆய்வகத்தில் இதைப் பார்க்கும் கருவிக்கு லாங்மியூர் தொட்டி என்று பெயர். டெஃப்ளானில் செய்த ஆழமில்லாத தொட்டி, விளிம்புவரை தண்ணீர், குறுக்கே நகரும் ஒரு தடுப்பு. ஓரமாக ஒரு துண்டு வடிதாள் தண்ணீரில் பட்டும் படாமல் தொங்கும்; தண்ணீர் அதை எவ்வளவு இழுக்கிறது என்பதை ஒரு தராசு அளக்கும். டிபிபிசியைக் குளோரோஃபார்மில் கரைத்து, சிரிஞ்சால் துளித்துளியாகப் பரப்பின்மேல் வைப்போம். குளோரோஃபார்ம் ஆவியானதும் மிஞ்சுவது ஒரே ஒரு மூலக்கூறு தடிமனுள்ள படலம், 2 நானோமீட்டர் சொச்சம். கண்ணுக்குத் தெரியாது. தெருவில் லாரி போனால் அளவு ஆடும், யாராவது கதவைச் சாத்தினால் ஆடும். வெயில் காலத்தில் ஏசி இல்லாமல் முடியாது, ஏசி போட்டால் அதன் காற்றில் தண்ணீர் சிலிர்க்கும். எங்கள் ஆய்வகத்தில் நல்ல அளவுகள் எல்லாம் பின்னிரவில் எடுத்தவைதான்.

தடுப்பை மெல்ல நகர்த்துவோம். முதலில் ஒன்றுமே நடக்காது. மூலக்கூறுகள் ஒன்றையொன்று தொடாத தூரத்தில் கிடக்கும். அப்புறம் பரப்பு அழுத்தம் மெதுவாக ஏறும். பரப்பு அழுத்தம் என்றால், தண்ணீரின் இழுவிசை எவ்வளவு இறங்கியதோ அந்த அளவு. இந்தக் கட்டத்தில் வால்கள் தாறுமாறாக வளைந்து நெளிந்து கிடக்கும், படலம் திரவம் மாதிரி ஓடும். அதன்பின் ஒரு வேடிக்கை நடக்கும். நெருக்கிக்கொண்டே இருப்போம், அழுத்தம் கிட்டத்தட்ட ஏறாது. வரைபடத்தில் மேடை மாதிரி ஒரு கோடு வரும். அங்கே என்ன நடக்கிறது என்பது 1980களில் ஒளிரும் சாயம் கலந்து நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. சாயம் ஓடும் பகுதியில் மட்டும் தங்கி ஒளிரும். நடுவில் சிறுநீரக வடிவத்தில் கரும்புள்ளிகள் முளைக்கும். அந்தப் புள்ளிகளில் மூலக்கூறுகள் நிமிர்ந்து, வால்கள் நேராகி, இறுகி நிற்கின்றன. எல்லாப் புள்ளிகளும் ஒரே பக்கமாக வளைந்திருக்கும். டிபிபிசிக்கு இடக்கை வலக்கை பேதம் உண்டு. அதன் ஆடிப்பிம்ப மூலக்கூறை வைத்துச் செய்தால் புள்ளிகள் மறுபக்கம் வளையும். முதல்முறை பார்த்தபோது நான் அளவெடுக்க மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேடை முடிந்ததும் அழுத்தம் செங்குத்தாக ஏறும். ஏற ஏற இழுவிசை 20, 10, 5 என்று இறங்கி பூஜ்யத்தை நெருங்கும். சாதாரணத் திரவக் கொழுப்புகளால் இது முடியாது. அவற்றை மெல்ல நெருக்கினால் இழுவிசை 25 பக்கம் வந்ததும் படலம் உடைந்து மேலேயும் கீழேயும் பிதுங்கிவிடும்.

டிபிபிசி தாங்குவது எதனால்? அதன் வால்கள் நிறைவுற்றவை, இரட்டைப் பிணைப்பு கிடையாது, ஆகவே கோணல் கிடையாது. சவுக்குக் கழிகளைக் கட்டிப் பார், இடைவெளியில்லாமல் அடங்கும். அதே கயிற்றில் வேலிக்கருவை விறகைக் கட்டு, எவ்வளவு இறுக்கினாலும் ஒன்று பிதுங்கும். நிறைவுறாக் கொழுப்புகள் அந்த ரகம். போதாததற்கு டிபிபிசியின் வால்கள் உருகும் வெப்பநிலை 41 டிகிரி. நம் உடல் 37. இந்த நாலு டிகிரி வித்தியாசத்தில்தான் நாம் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம்.

இப்போது உன் சின்ன நுண்ணறைக்கு வருவோம். மூச்சு வெளியே போகிறது, அறை சுருங்குகிறது, படலம் நெருங்குகிறது, இழுவிசை சரிகிறது. ஆரம் குறையும் வேகத்தைவிட இழுவிசை வேகமாகக் குறைவதால், சின்ன அறையில் அழுத்தம் கூடுவதற்குப் பதில் குறைகிறது. இழுவிசை 2 ஆகிவிட்டால், முதல் பதிலில் சொன்ன 14 சென்டிமீட்டர் அரை சென்டிமீட்டருக்கும் கீழே போய்விடும். அறை காலியாகக் காரணமே இல்லை.

படலம் முழுசாக நெருங்கிவிட்ட பிறகும் நெருக்கினால் அந்த மூலக்கூறுகள் எங்கே போகும்? போனவை திரும்பி வருமா? - பொறியாளர், திண்டுக்கல்

உங்கள் கேள்வியில் இரண்டாவது பாதிதான் கடினம் சார். இந்தத் துறையில் இன்னும் சண்டை ஓயாத இடமும் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

தூய டிபிபிசி படலம் மிக விறைப்பானது. எல்லை மீறினால் உடையும், விரிசல் விடும். அடுத்த மூச்சில் பரப்பு விரியும்போது உடைந்த துண்டுகள் மறுபடி பரவ மாட்டா; பனிக்கட்டித் தகடுகள் மாதிரி மிதந்துகொண்டிருக்கும். 1960களில் தூய டிபிபிசியைத் தூறலாகக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. நெருக்கலைத் தாங்குவதற்கு மிகப் பொருத்தமான பொருள், பரவுவதற்கு மிகப் பொருத்தமற்றது. பிறந்த குழந்தையின் முதல் மூச்சில் சில விநாடிகளுக்குள் படலம் விரிந்தாக வேண்டும். அதற்கு ஓடும் கொழுப்பு வேண்டும். ஓடும் கொழுப்போ நெருக்கினால் நிற்காது.

இயற்கை இரண்டையும் கலந்து வைத்திருக்கிறது: நிறைவுறாக் கொழுப்புகள், கொஞ்சம் கொலஸ்ட்ரால், எஸ்பி-பி, எஸ்பி-சி என்று இரண்டு குட்டிப் புரதங்கள். இந்தக் கலவை எல்லை தாண்டும்போது உடைவதில்லை, மடிகிறது. 1998-ல் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் ஜோசப் ஜசாட்ஜின்ஸ்கி, கா யீ லீ முதலியோர் தட்டையான படலமும் மடிப்புகளும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைக் காட்டினார்கள். மடிப்பு தண்ணீருக்குள் தொங்கும், ஆனால் படலத்தைவிட்டு அறுந்து போகாது. பரப்பு விரிந்ததும் பிரிந்து பழைய இடத்துக்கு வந்துவிடும். எஸ்பி-பி இதில் முக்கியமான ஆள். மரபணுக் கோளாறால் அது இல்லாமல் பிறக்கும் குழந்தை நிறைமாதமாக இருந்தாலும், நுரையீரல் மாற்றாமல் பிழைப்பது அரிது.

சரி, சண்டைக்கு வருகிறேன். டிபிபிசி 40 சதவீதம்தான். மிச்சமெல்லாம் 25-ல் உடையக்கூடிய சரக்கு. அப்படியிருக்க மொத்தப் படலமும் எப்படிப் பூஜ்யம்வரை தாங்குகிறது? பழைய விளக்கம்: நெருக்கும்போது மற்றவை பிதுக்கி வெளியேற்றப்பட்டு, மேலே டிபிபிசி மட்டும் மிஞ்சுகிறது. கேட்க அழகாக இருக்கும். ஆனால் மற்றவை எல்லாம் போய் டிபிபிசி மட்டும் மிஞ்ச வேண்டுமென்றால் பரப்பைப் பாதிக்கு மேல் குறைத்தாக வேண்டும். நல்ல சர்ஃபாக்டண்டோ, ஐந்தில் ஒரு பங்கு குறைத்தாலே பூஜ்யத்தைத் தொட்டுவிடுகிறது. அமெரிக்காவில் ஓரிகானைச் சேர்ந்த ஸ்டீஃபன் ஹால் குழு வேறு வழியில் போனது. மிக வேகமாக நெருக்கினால், திரவப் படலம்கூட உடைய நேரமில்லாமல் அப்படியே விறைத்து, கண்ணாடி போன்ற ஒரு நிலைக்குப் போய்விடுகிறது, பிறகு மெதுவாக நெருக்கினாலும் தாங்குகிறது என்று காட்டினார்கள். நுரையீரல் எந்த வழியைப் பிடிக்கிறது? கலவையை முன்பே பிரித்து அனுப்புகிறது, அதாவது புரதங்கள் துணையோடு டிபிபிசி கூடுதலாகப் பரப்பில் ஏறுகிறது என்று மூன்றாவதாக ஒரு கட்சியும் உண்டு. எனக்கு வேகத்தின் பக்கம் சாய்வு. ஏனென்றால் தொட்டியில் நாங்கள் நிமிடக்கணக்கில் நெருக்கினோம், நுரையீரல் இரண்டு மூன்று விநாடியில் நெருக்குகிறது. பல வருடக் கட்டுரைகள் இந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்ளவே இல்லை என்பது என் பழைய மனத்தாங்கல்.

தொட்டிக்கு இன்னொரு கோளாறும் உண்டு. அழுத்தம் உச்சத்துக்குப் போனால் படலம் தடுப்பின்மேலும் சுவரின்மேலும் ஊர்ந்து ஏறித் தப்பிவிடும். உடைந்ததா, கசிந்ததா என்றே தெரியாது. கனடாவின் கால்கரியில் சாமுவேல் ஷூர்க் 1989-ல் இதற்கு ஒரு வழி செய்தார்: சர்ஃபாக்டண்ட் கலந்த நீருக்குள் ஒரு காற்றுக் குமிழியை, அகர் பூசிய கூரைக்குக் கீழே மிதக்கவிடுவது. குமிழி எந்தத் திடப்பொருளையும் தொடாது, ஆகவே கசிவு கிடையாது. அழுத்தத்தை மாற்றிக் குமிழியைச் சுருக்கலாம். இழுவிசை அதிகமென்றால் குமிழி உருண்டையாக இருக்கும், குறையக் குறையத் தட்டையாகும். அதன் வடிவத்தைப் படம்பிடித்தே இழுவிசையைக் கணக்கிடலாம். நுரையீரலுக்கு மிக நெருங்கிய சோதனை என்று நான் நம்புவது இதைத்தான்.

நான் ஓய்வுபெற்ற தாதி. நாங்கள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இப்படியான பிள்ளைகளுக்கு "ஹையலின் மெம்பிரேன் நோய்" என்று எழுதி, ஒக்சிசன் கொடுப்போம், பார்த்துக்கொண்டிருப்போம். காரணம் எப்போது கண்டுபிடிக்கப்பட்டது? - யாழ்ப்பாண வாசகி

நீங்கள் பார்த்துக்கொண்டிருந்த காலத்திலேயே காரணம் தெரிந்திருக்கும் அம்மா. மருந்துதான் வந்து சேரவில்லை.

1929-லேயே ஸ்விட்சர்லாந்தில் கூர்ட் ஃபான் நேர்கார்ட் என்ற மருத்துவர், வெளியே எடுத்த நுரையீரலைக் காற்றால் ஊதிப் பார்த்தார், பிறகு திரவத்தால் நிரப்பிப் பார்த்தார். திரவத்துக்கு மிகக் குறைந்த அழுத்தமே போதுமானதாக இருந்தது. திரவத்தால் நிரப்பினால் காற்று-நீர் எல்லையே இல்லை, ஆகவே நுரையீரலைச் சுருக்குவதில் பெரும்பங்கு பரப்பு இழுவிசைதான் என்று சரியாகச் சொன்னார். பிறந்த குழந்தைகளின் நோயோடு தொடர்பிருக்கலாம் என்றும் ஊகித்தார். யாரும் கவனிக்கவில்லை.

அடுத்த இரண்டு பேரும் ராணுவ ரசாயன ஆய்வுக்கூட ஆட்கள். நச்சுவாயு நுரையீரலை என்ன செய்யும் என்பதுதான் அவர்கள் வேலை. இங்கிலாந்தின் போர்ட்டன் டவுனில் ரிச்சர்ட் பேட்டில், நுரையீரலிலிருந்து வரும் நுரை கலையாமல் நிற்பதைக் கவனித்தார். அவ்வளவு சின்னக் குமிழி அவ்வளவு நேரம் நிற்க வேண்டுமென்றால் இழுவிசை பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று 1955-ல் எழுதினார். அமெரிக்காவின் மேரிலாந்தில் ஜான் கிளெமென்ட்ஸ், தானே கட்டிய தொட்டியில் நுரையீரல் சாற்றைப் பரப்பி நெருக்கினார். நெருக்கும்போது இழுவிசை இறங்குவதும் விரிக்கும்போது வேறு பாதையில் ஏறுவதும் 1957-ல் அச்சாயின.

மேரி எலன் ஏவரி என்ற இளம் குழந்தை மருத்துவர் நேரில் போய் அந்தத் தொட்டியைப் பார்த்தார். திரும்பி வந்து, இந்த நோயில் இறந்த குழந்தைகளின் நுரையீரல் சாற்றையும், வேறு காரணத்தால் இறந்தவர்களுடையதையும் ஜெரி மீடுடன் சேர்ந்து சோதித்தார். மற்றவர்களிடம் 10-க்குக் கீழே இறங்கிய இழுவிசை, இவர்களிடம் 30 பக்கத்திலேயே நின்றுவிட்டது. 1959-ல் வெளியான அந்தக் கட்டுரைதான் உங்கள் கேள்விக்குப் பதில். நீங்கள் எழுதிய ஹையலின் மெம்பிரேன், சேதமான நுண்ணறைக்குள் கசிந்து படிந்த புரதம். நோயின் விளைவு அது. பிணப் பரிசோதனையில் கண்ணுக்குத் தெரிந்ததால் பெயர் அதற்குப் போய்விட்டது. இல்லாமல் போன ஒரு பொருளை யாரால் பார்க்க முடியும்?

1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக், ஐந்தரை வாரம் முன்னதாக, 2.1 கிலோ எடையோடு பிறந்து, இரண்டே நாளில் இதே நோயில் போனான். இன்று அந்த எடைக் குழந்தைக்கு யாரும் பெரிதாகக் கவலைப்பட மாட்டார்கள். ஜப்பானில் டெட்சுரோ ஃபுஜிவாரா, மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த கொழுப்போடு டிபிபிசி சேர்த்து 10 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பலனைக் கண்டு வெளியிட்டது 1980-ல். கண்டுபிடிப்புக்கும் மருந்துக்கும் நடுவில் இருபது வருடத்துக்கு மேல். உங்களைப் போன்றவர்கள் அந்த இடைவெளியில்தான் பணி செய்தீர்கள்.

இந்தக் கதையில் அடிக்கடி விட்டுப்போகும் பெயர் ஒன்று: நியூசிலாந்தின் கிரஹாம் லிக்கின்ஸ். ஆட்டுக்குட்டிகளிடம் முதலில் கவனித்ததைத் தொடர்ந்து, ராஸ் ஹவியுடன் சேர்ந்து, குறைப்பிரசவம் ஆகப்போகும் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் கருவின் நுரையீரல் சீக்கிரம் முதிர்கிறது என்று 1972-ல் காட்டினார். விலை மலிவான ஊசி. சர்ஃபாக்டண்ட் கிடைக்காத ஊரிலும் போடலாம். எத்தனை உயிரைக் காத்திருக்கும் என்று பார்த்தால் எனக்கு இதன் மேல்தான் மதிப்பு அதிகம்.

மருந்து மாட்டு நுரையீரலிலிருந்தும் பன்றி நுரையீரலிலிருந்தும் எடுக்கப்படுகிறதாமே? சைவக் குடும்பங்களுக்கு வேறு இல்லையா? - கும்பகோணம் வாசகர்

ஆமாம், பெரும்பாலும் அப்படித்தான். செயற்கையாகவும் செய்து பார்த்திருக்கிறார்கள். புரதமே இல்லாத ஒன்றுக்கு 1990-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வேலை செய்தது, ஆனால் விலங்கிலிருந்து எடுத்தது அதைவிடச் சீக்கிரம் வேலை செய்தது. எஸ்பி-பியைப் போலச் செய்த சிறு புரதத்துண்டு சேர்த்த இன்னொன்று 2012-ல் அனுமதி பெற்று, சில வருடங்களில் சந்தையை விட்டே போய்விட்டது. திண்டுக்கல் நண்பருக்கு எழுதியதைப் படித்தால் செயற்கையாகச் செய்வது ஏன் கடினம் என்று புரியும்: நெருக்கலைத் தாங்க வைப்பது சுலபம், திரும்பப் பரவ வைப்பதுதான் பாடு. குழந்தை நீலமாகிக்கொண்டிருக்கும்போது சைவம் பார்க்க நேரமிருக்காது. டாக்டர் கொடுப்பதை வாங்கிக்கொள்ளுங்கள்.

இ-சிகரெட் சர்ஃபாக்டண்டைக் கெடுக்குமா? - பெயர் வேண்டாம் என்ற வாசகர்

இந்தியாவில் 2019-லேயே தடை செய்துவிட்டார்கள், பெயர் வேண்டாம் என்பது புரிகிறது. அதே வருடம் அமெரிக்காவில் அதைப் புகைத்த பலர் நுரையீரல் பாதித்து மருத்துவமனைக்குப் போனார்கள். அவர்கள் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில், 51 பேரில் 48 பேரிடம் வைட்டமின் ஈ அசிட்டேட் இருந்தது. எண்ணெய் மாதிரியான இந்தப் பொருள் இறுகி நிற்கும் கொழுப்புக்கு இடையில் புகுந்து படலத்தை இளக்கிவிடலாம் என்பது ஒரு சந்தேகம். படல ஆள் என்ற முறையில் எனக்கு அது நியாயமாகவே படுகிறது. கெடுதலுக்கு அது ஒன்றுதான் காரணம் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். விட்டுவிடுங்கள்.

பெருமூச்சு விடுவது கெட்ட சகுனம் என்று என் மாமியார் திட்டுகிறார். - வாசகி, விழுப்புரம்

மாமியாரும் விடுகிறார். நாம் எல்லோருமே ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வாக்கில் நம்மை அறியாமல் ஒரு பெரிய மூச்சு இழுக்கிறோம். மூடத் தொடங்கிய நுண்ணறைகள் அதில் திறக்கின்றன, செல்கள் இழுபட்டுப் புதுச் சர்ஃபாக்டண்டை விடுகின்றன. அவரிடம் இதைச் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் வீட்டு விவகாரம்.

படலத்தை நெருக்குவதை வீட்டில் செய்து பார்க்க முடியுமா? - ஆசிரியை, பொள்ளாச்சி

முடியும். இந்தக் கருவியே வீட்டில் பிறந்ததுதான். ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஆக்னஸ் பாக்கல்ஸ் என்ற பெண், பல்கலைக்கழகத்தில் பெண்களைச் சேர்க்காத காலத்தில், வீட்டு வேலைக்கு நடுவில் 70 சென்டிமீட்டர் நீளத் தகரத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, குறுக்கே ஒரு தகரப் பட்டையை நகர்த்தி அளவெடுத்தார். தம்பி இயற்பியல் படித்ததால் புத்தகங்கள் கிடைத்தன. அளவுகளை ஆங்கில இயற்பியலாளர் ராலே பிரபுவுக்குக் கடிதமாக எழுத, அவர் 1891-ல் அதை நேச்சர் இதழில் வெளியிட வைத்தார். அமெரிக்க வேதியியலாளர் இர்விங் லாங்மியூர் இந்த வழியில் வந்து 1932-ல் நோபல் வாங்கினார், தொட்டிக்கும் அவர் பெயரே நிலைத்தது. எனக்கு இது பிடிக்காது, பாக்கல்ஸ் தொட்டி என்றே வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உங்கள் மாணவிகளுக்கு ஒரு பெரிய எவர்சில்வர் தாம்பாளம், விளிம்புவரை தண்ணீர். முகப்பவுடரை மெல்லியதாகத் தூவுங்கள். ஊசி முனையில் தொட்ட தேங்காய் எண்ணெயை நடுவில் வையுங்கள். பவுடர் விலகி ஓரம் போகும், நடுவில் இருப்பது எண்ணெய்ப் படலம். இப்போது தாம்பாளத்தின் குறுக்களவுக்கு வெட்டிய பிளாஸ்டிக் அட்டையைத் தண்ணீரைத் தொடும்படி வைத்து ஒரு பக்கமாகத் தள்ளுங்கள். பவுடர் முதலில் நகரும், அப்புறம் வரிவரியாகச் சுருங்கும். அட்டையைப் பின்னால் இழுத்தால் சுருக்கம் பிரிகிறதா என்று பாருங்கள். அடுத்து ஒரு துளி சோப்புக் கரைசலை வைத்து அதையே செய்யுங்கள். நெருக்குவதற்கு எதிர்ப்பு இருக்காது. தாம்பாளத்தில் பழைய எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் எதுவும் சரியாக வராது, சீயக்காய் போட்டுத் தேய்த்து, நாலைந்து தண்ணீரில் அலசிவிட்டு ஆரம்பியுங்கள். சோப்பைத் தொட்ட விரலால் தண்ணீரைத் தொடாதீர்கள்.